எலிகளின் துக்க வீட்டுக்காரி

"உங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லா இருக்கார்," என்றது தொலைபேசி.

நோபுயோ ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் வைத்துக்கொண்டாள். எதிரே புத்தர் மாடத்தின் முன்னால் வெள்ளைத் துணி சுற்றிய சாடி இருந்தது. அவளுடைய வீட்டுக்காரர் அந்தச் சாடிக்குள் இருந்தார். அவருக்கு ஒரு கிண்ணம் சூடான சோறு வைத்துவிட்டு அப்போதுதான் எழுந்து வந்திருந்தாள்.

"யாருங்க பேசறது?"

"வடகடல் உயிர்மருத்துவ ஆய்வு நிலையத்துலேர்ந்து பேசறேங்க. பங்கேற்பாளர் நன்றிப் பிரிவு. என் பேர் தெஷிமா. ஒகிதா யாசுஜி-சான் வீடுதானுங்களே? குடும்பத்தாருக்கு வருஷத்துக்கு ஒருதரம் நலம் சொல்றது எங்க வழக்கம். நல்லாப் பிடிச்சுக்கிட்டார். சீரா வளர்றார். இந்த வாரத்தோட ஆறாவது தலைமுறை. வாழ்த்துகள்!"

"அவர் செத்துப் போயிட்டாருங்க."

மறுமுனையில் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது.

"எப்பங்க?"

"கோடை கடைசியில."

"அப்படிங்களா? எங்களுக்கு அப்படி ஒண்ணும் தகவல் வரலியே," என்றார் தெஷிமா. குரலில் உண்மையான அக்கறை இருந்தது. "எங்களுக்குத் தெரிஞ்சு யாசுஜி-சான் ரொம்பச் சுறுசுறுப்பா இருக்கார். நேத்துக்கூட அளந்தாங்க. எலிக்குள்ளதான்."

யாசுஜி இசோமி ஊரில் முடிதிருத்தகம் வைத்திருந்தவர். அவர் கத்தரி பிடிப்பார், நோபுயோ சவரம் செய்வாள். போன வருடம் அவர் வயிற்றிலிருந்து ஒரு கட்டியை வெட்டி எடுத்தார்கள். ஆய்வு நிலையத்தின் ஆஸ்பத்திரியில் புது மருந்து ஒன்று இருக்கிறது, முயன்று பார்க்கலாம் என்றார்கள். அந்தக் கட்டியிலிருந்து துளித்துளியாக எடுத்து எலிகளின் தோலுக்கடியில் வைத்து, தலைமுறை தலைமுறையாக எலிக்கு எலி மாற்றி வளர்ப்போம், மருந்தை உங்களுக்கும் கொடுப்போம், எலிகளுக்கும் கொடுப்போம் என்றார்கள். "படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்களேன்" என்றாள் நோபுயோ. "எலிக்குக் கொடுக்கறதையே எனக்கும் கொடுக்கறாங்கன்னா நம்பிச் சாப்பிடலாம்" என்று சொல்லி அவர் போட்டுவிட்டார்.

போனை வைத்ததும் நோபுயோ நேராக நாத்தனார் தொமியின் வீட்டுக்குப் போனாள். தொமி யாசுஜிக்கு அக்கா. எழுபது தாண்டியவள். காலமெல்லாம் மீன்சந்தையில் கணவாய் விற்றதில், வீட்டுக்குள் பேசினாலும் சந்தை முழுவதற்கும் கேட்கும் குரல்.

"எலிக்குள்ளயா? எந்த மாதிரி எலிடி?"

"முடியில்லாத எலியாம் அண்ணி. மொட்டை எலி. அதுலதான் ஒட்டுமாம்."

தொமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊருக்கே முடி வெட்டினவனை மயிரே இல்லாத எலிக்குள்ள கொண்டுபோய் வெச்சிருக்காங்களே! கத்தரிக்கோலுக்கு அங்க என்னடி வேலை?" சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். "அப்போ நாம பொறுக்கினது?"

எரித்து முடிந்ததும், ஊர் வழக்கப்படி இருவரும் ஆளுக்கொரு ஜோடிக் குச்சியோடு நின்று, ஒரே எலும்பை இருவருமாகப் பிடித்துப் பிடித்துச் சாடிக்குள் போட்டிருந்தார்கள். காலில் தொடங்கி, தொண்டை எலும்பு கடைசி.

"ஒண்ணு விடாமத்தானே எடுத்தோம்? என் கண்ணு சரியில்லைன்னாலும் உன் கண்ணு நல்லா இருந்துச்சே?"

"எலும்பு எல்லாம் வந்துடுச்சு அண்ணி. இது எலும்பு இல்லை. இது சதை. உயிரோட இருக்கு."

"நாளைக் கழிச்சு ஞாயிறு. சாடியைக் குடும்பக் கல்லறையில வைக்கணும். உன் மாமியார் மாமனாரெல்லாம் ஏற்கெனவே அதுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு இருக்காங்க. பாதி ஆளாவா போய் நிப்பான்?"

நோபுயோவைப் பிடித்துக்கொண்டதும் அதுதான். முழுசாக அனுப்ப வேண்டும். அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

மடத்துப் பிக்குவும் அதைக் கேட்டுத் தலையைத் தடவிக்கொண்டார். அது ஏற்கெனவே மழித்த தலை. இரண்டு வாரத்துக்கொருமுறை யாசுஜிதான் மழித்துவிடுவார்.

"சிக்கல்தாம்மா. செத்தவங்களுக்குச் சடங்கு இருக்கு. இருக்கறவங்களுக்கும் இருக்கு. கொஞ்சம் செத்தவங்களுக்கு இல்லையே. தலைமை மடத்தைக் கேட்டுச் சொல்றேன்."

தலைமை மடத்தில் மூன்று பெரியவர்கள் கூடிப் பேசி, இது உயிரியல் சம்பந்தப்பட்டது, ஆய்வு நிலையம் அவரை இறந்தவர் என்று சொன்னால் நமக்கும் ஆட்சேபணை இல்லை என்று பதில் சொல்லியனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சடங்கு நின்றது.

"அந்த நிலையத்துக்கு நான்தான் வருஷா வருஷம் போறேன்," என்றார் பிக்கு கொஞ்சம் கூச்சத்தோடு. "ஆராய்ச்சியில செத்த எலிகளுக்குத் துக்கச் சடங்கு நடத்துவாங்க. பெரிய மண்டபம், பூவெல்லாம் அமர்க்களமா இருக்கும். நானும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கறேன்."

நன்றிப் பிரிவு ஆய்வு நிலையத்தின் பழைய கட்டடத்தில், கிடங்குக்குப் பக்கத்தில் இருந்தது. தெஷிமா உட்கார்ந்தபடியே குனிந்து வணங்கக்கூடிய மனிதர். இரண்டு கையாலும் பெயரட்டையை நீட்டினார். பார்லித் தேநீர் வரவழைத்தார். நோபுயோவுக்கு ஒரு வணக்கம், தொமிக்கு ஒன்று, பொதுவாக ஒன்று.

"அவரை வாங்கிட்டுப் போகலாம்னு வந்தோம்," என்றாள் நோபுயோ.

"விலகிக்கறீங்களா? தாராளமா. விலகற உரிமைதான் எங்க நிலையத்தோட பெருமை. எப்ப வேணும்னாலும் விலகலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். பங்கேற்பாளர் நேர்ல வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"அவர் செத்துட்டாருங்களே."

"அதான் வருத்தமா இருக்கு."

"நான் அவர் பெண்டாட்டி. நான் சொல்றேன்."

"ஒகிதா-சான், அவருக்காகத் துக்கப்படற உரிமை உங்களுக்கு முழுசா இருக்கு. அதுல நாங்க தலையிடவே மாட்டோம். விலகற உரிமை மட்டும் அவரோடது. அதை இன்னொருத்தர் எடுத்துக்கிட்டா அவரை அவமதிச்ச மாதிரி ஆயிடும்."

தொமி கிண்ணத்தை டக்கென்று கீழே வைத்தாள். "அப்போ அவனைக் கூப்பிடுங்க. இங்கதானே இருக்கான்கறீங்க? சீரா வளர்றான்கறீங்க? கூண்டோட தூக்கிட்டு வாங்க, நானே கேட்டுக்கறேன். அக்கா கேட்டா மறுக்க மாட்டான்."

"நல்ல யோசனை," என்றார் தெஷிமா. அதைக் குறித்தும் வைத்துக்கொண்டார்.

"ஆனா ஐயா," என்றாள் நோபுயோ மெதுவாக, "வசந்தத்துலயே நீங்கதானே அவரை ஆய்விலேர்ந்து நிறுத்தினீங்க? இனிமே வர வேண்டாம்னு சொன்னாங்களே."

"உடம்பை மட்டும்தாங்க நிறுத்தினோம். உடம்பு மெலிஞ்சு போய்த் தகுதி இழந்துடுச்சு. விதி அப்படி. கட்டி மேல எந்தக் குறையும் இல்லை. இதுவரைக்கும் ஒருநாள்கூட அது எங்களை ஏமாத்தினதில்லை." அவர் முகம் மலர்ந்தது. "உங்களுக்குச் சந்தோஷமான சேதி ஒண்ணு இருக்குங்க. அந்தப் புது மருந்து வேலை செய்யுது. யாசுஜி-சானை நாங்க இதுவரைக்கும் ஏழு தடவை குணப்படுத்தியிருக்கோம்."

நோபுயோவின் கை தேநீர்க் கிண்ணத்தின் மேலேயே நின்றது.

"ஏழு தடவையா?"

"ஏழு எலியில கட்டி இருந்த இடமே தெரியலை."

"குணமான எலியெல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டாள் தொமி.

"குணமாச்சான்னு உறுதியா தெரியணும்னா உள்ள திறந்து பார்க்கணும் இல்லீங்களா?" என்றார் தெஷிமா. மறுபடியும் குனிந்து வணங்கினார்.

வாங்கிக்கொண்டு போகத்தான் முடியாது, பார்க்கலாம் என்று அனுமதி கிடைத்தது. அதற்கும் மேலிடம்வரை போய் வர வேண்டியிருந்தது. எலி அறைக்குப் போகுமுன் வாசலில் கேள்விகள் கேட்டார்கள். சளி இருக்கிறதா, வாசனைத் தைலம் பூசியிருக்கிறீர்களா, அண்மையில் வேறு எலியோடு பழக்கம் உண்டா?

"எங்க வீட்டு அடுக்களையில ஒண்ணு ஓடுது," என்றாள் தொமி. "பழக்கம்னு சொல்ல முடியாது. நான் துடைப்பத்தை எடுத்தா அது போயிடும்."

அந்த அளவே போதுமானதாக இருந்தது. வெளி எலியின் நோய் உள் எலிக்கு வந்துவிடக் கூடாது. தொமி வாசலிலேயே நிறுத்தப்பட்டாள். "தம்பியைப் பார்க்கறதுக்கு எலி குறுக்க நிக்குது பாரு," என்று அவள் சத்தம் போட்டது கதவு மூடிய பிறகும் கேட்டது.

நோபுயோவுக்கு வெள்ளை அங்கி மாட்டினார்கள். முகமூடி, தொப்பி, இரண்டு தடவை மாற்றிய செருப்பு. ஒரு சின்ன அறையில் நிற்கவைத்து நாலு பக்கமும் காற்றடித்து அவள் மேலிருந்த ஊர்த் தூசியெல்லாம் ஊதித் தள்ளினார்கள். நிவா என்ற ஆய்வாளர் அவளைக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். நிவாவுக்கு முப்பது வயதிருக்கும். பல நாள் தூங்காத கண்.

"இதுதாங்க. இந்தக் கூண்டு மருந்து கொடுக்காத கூட்டம். ஒப்பிட்டுப் பார்க்க."

கூண்டுக்குள் மெத்தென்ற மரத்தூள். கடித்து விளையாட ஒரு மரத்துண்டு. ஒளிந்துகொள்ளக் காகிதக் கூடு. கூட்டுக்கு வெளியே இளஞ்சிவப்பாக, தோல் சுருங்கி, ஓர் எலி உட்கார்ந்திருந்தது. விலாவில் ஒரு புடைப்பு. முதுகு கூனியிருந்தது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, முன்னங்கால்களை வயிற்றுக்குள் இடுக்கிக்கொண்டு, எதையோ கேட்பதுபோல உட்கார்ந்திருந்தது.

நோபுயோவுக்கு அதில் தன் வீட்டுக்காரர் தெரியவில்லை. மூக்கு அவருடையதல்ல, காது அவருடையதல்ல. ஆனால் அந்த உட்காரல் அவருடையது. கடைசி நாட்களில் படுத்தால் வலிக்கிறது என்று கடையின் சவர நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். இப்படியேதான்.

"வலிக்குதா அதுக்கு?"

"வலிக்க விடமாட்டோம்மா," என்றாள் நிவா. "முகத்தைப் பார்த்தே அளந்துடுவோம். கண்ணு எவ்வளவு மூடியிருக்கு, கன்னம் உப்பியிருக்கா, காது எப்படித் திரும்பியிருக்கு, எல்லாத்துக்கும் படம் வெச்சிருக்கோம். புள்ளி போடுவோம். முதுகு கூனினா ஒரு புள்ளி. சாப்பாடு குறைஞ்சா ஒரு புள்ளி. புள்ளி ஏறிடுச்சுன்னா அன்னைக்கே தூங்க வெச்சு முடிச்சிடுவோம்."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கே."

"லீவு நாளா இருந்தா?"

"முறை போட்டு ஆள் வருவோம். காத்திருக்க வெச்சா விதிமீறல். எங்க மேல நடவடிக்கை எடுப்பாங்க."

நோபுயோ கண்ணாடியில் கையை வைத்தாள். யாசுஜிக்கும் இதே நிலையத்து ஆஸ்பத்திரியில் வலி தணிக்கும் வார்டு ஒன்று இருந்தது. இடம் கேட்டுக் காலையில் போனில் கூப்பிடுவாள், மாலையில் கூப்பிடுவாள். "வரிசையில இருக்கீங்க" என்பார்கள். வரிசை நகர்கிறதா என்று கேட்டால், "வரிசைன்னா அப்படித்தாங்க" என்பார்கள். "இடம் வந்திருக்கு, உடனே கூட்டிட்டு வாங்க" என்று போன் வந்தபோது அவள் துக்கம் கேட்க வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இதுக்குப் புள்ளி இப்ப எவ்வளவு?"

நிவா கூண்டைப் பார்த்தாள். "ஏறிட்டுத்தாங்க இருக்கு."

"அப்போ இன்னைக்கே பார்த்துக்கோங்கம்மா. நாளைக்குன்னு வெச்சுக்க வேண்டாம்."

"சரிங்க," என்றாள் நிவா. முகமூடிக்கு மேலே கண்கள் கலங்கியிருந்தன. தூக்கமின்மையாகவும் இருக்கலாம்.

விஷயம் அறநெறிக் குழுவுக்குப் போயிற்று. ஒகிதா யாசுஜி இறந்துவிட்டாரா என்பது கேள்வி. நோபுயோவையும் வரச்சொல்லி உட்காரவைத்திருந்தார்கள். குழுவில் பேராசிரியர்கள், ஒரு வழக்கறிஞர், பொதுமக்கள் சார்பில் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர். பொதுமக்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நடுநாயகமாக நிலையத்தின் இயக்குநர் முனகாதா. வெள்ளை முடியை அழகாக வாரியிருந்தார். அதை வேறு ஏதோ ஊரில்தான் வெட்டுகிறார் என்று நோபுயோவின் கண் தானாகக் கணக்குப் போட்டது.

"ஆளாப் பார்த்தா, அவர் நம்ம அதிகார எல்லைக்கு வெளியில இருக்கார்," என்றார் வழக்கறிஞர். "ஆகவே இறந்தாரா இல்லையான்னு நாம சொல்ல முடியாது."

"திசுவாப் பார்த்தா உயிரோட இருக்கார்," என்றார் ஒரு பேராசிரியர். "சொல்லப்போனா, நம்ம எல்லாரையும்விட."

"எலியாப் பார்த்தா?" என்று கேட்டார் முனகாதா.

"எலியா அப்பப்போ இறக்கறார். வருஷாந்தர துக்கச் சடங்குல அதுவும் சேர்ந்துடுது."

அந்த இடத்தில் முனகாதாவுக்கு ஒன்று உதித்தது. அவர் பேனாவை மூடினார். நிலையத்தில் அவர் பேனாவை மூடினால் முடிவு வந்துவிட்டது என்று பொருள்.

"நம்ம சடங்குல எல்லாம் இருக்கு. பூ இருக்கு, ஊதுபத்தி இருக்கு, பிக்கு வர்றார். ஒண்ணே ஒண்ணுதான் குறை. துக்க வீட்டுக்காரர்னு ஒருத்தர் இல்லை. இத்தனை வருஷமா யாருக்காவது தலை குனிஞ்சு ஆறுதல் சொல்லணும்னு பார்த்தா, எதிர்ல ஆளில்லை. நமக்கு நாமே குனிஞ்சுக்கறோம். இந்த வருஷம்தான் முதல்முதலா எலிகளுக்கு ஒரு சொந்தம் கிடைச்சிருக்கு." அவர் எழுந்து நோபுயோவை வணங்கினார். "ஒகிதா-சான், நீங்கதான் துக்க வீட்டுக்காரியா இருக்கணும். பதினோராயிரம் எலி சார்பிலயும்."

"என் வீட்டுக்காரர் ஒருத்தர்தாங்களே," என்றாள் நோபுயோ.

"அவர் மூலமா எல்லாருமே உறவாயிட்டாங்க."

"நான் வந்து நின்னா அவரைக் கொடுப்பீங்களா?"

"முன்னோக்கிய மனசோட பரிசீலிப்போம்," என்றார் முனகாதா.

எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு 'மாட்டோம்' என்று பொருள் என்பது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் தெரியும். நோபுயோ தெரியாதவள்போல வணங்கிவிட்டு வந்தாள்.

"போகாதேடி," என்றாள் தொமி. "எலிக்கெல்லாம் நாத்தனாரா நான் வந்து உட்காரணுமா?"

"எனக்கு அவர் வேணும் அண்ணி."

தொமி தன்னுடைய கறுப்பு கிமோனோவை எடுத்து நீவ ஆரம்பித்தாள்.

சாமந்தி பூத்துக் குலுங்கும் பருவத்தில் சடங்கு நடந்தது. மண்டபத்தின் மேடை முழுக்க வெள்ளைச் சாமந்தி. நடுவில் கறுப்பு நாடா கட்டிய பெரிய படம். படத்தில் ஓர் எலி கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. முயல் பிரிவினர், எப்போதும் எலிப் படம்தானா என்று இந்த ஆண்டும் ஆட்சேபித்திருந்தார்கள். அவர்களுடைய வருத்தமும் முறைப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. படத்துக்குக் கீழே எலித் தீனி, சூரியகாந்தி விதை, நறுக்கிய சீமைப்பனிச்சைப் பழம். முன்வரிசையில் தனியாக இரண்டு நாற்காலி. "துக்க வீட்டார்" என்று எழுதியிருந்தது. நோபுயோவும் தொமியும் அதில் உட்கார்ந்தார்கள். பேராசிரியர்கள் பதவி வரிசைப்படி வந்து அவர்களிடம் துக்கம் கேட்டுவிட்டுப் போனார்கள்.

"ஈடு செய்ய முடியாத இழப்பு."

"வயசு அதிகமில்லைன்னு கேள்விப்பட்டேன்."

"எந்த வயசு?" என்றாள் தொமி. "எங்க தம்பியைக் கேக்கறீங்களா, எலியைக் கேக்கறீங்களா?"

கேட்டவர் யோசித்துவிட்டு, "பொதுவா சொன்னேங்க," என்று நகர்ந்தார்.

பிக்கு சூத்திரம் ஓதி முடித்தார். முனகாதா மேடையேறி எலிப் படத்தின் முன்னால் நின்று, தாளைப் பிரித்து, படத்தைப் பார்த்தே பேசினார்.

"எலிகளே! இந்த ஆண்டு பதினோராயிரம் பேர் எங்களோடு ஒத்துழைத்தீர்கள். உங்களில் ஒருவர்கூட மறுக்கவில்லை. குறித்த நேரத்துக்கு ஒருவர்கூடத் தாமதமாக வரவில்லை. மருந்து குமட்டுகிறது என்று நீங்கள் முகம் சுளிக்கவில்லை. குடும்பத்தாரை அழைத்துவந்து கேள்வி கேட்கவில்லை. இந்த உயர்ந்த பண்பை மனிதப் பங்கேற்பாளர்களிடமும் காணும் நாளை எதிர்நோக்குகிறேன்." அவர் குரல் தழுதழுத்தது. நடிப்பல்ல. ஒவ்வோர் ஆண்டும் இந்த இடத்தில் அவருக்குத் தழுதழுக்கும். "நீங்கள் இறக்கவில்லை. கட்டுரைகளில் வாழ்கிறீர்கள். சிலர் படமாகவும் வந்திருக்கிறீர்கள். ஒகிதாவின் கட்டியைச் சுமந்த ஒகிதா வரிசையில் ஏழு பேர் முழுமையாகக் குணமடைந்தீர்கள். குணமடைந்த கையோடு எங்களுக்காக உயிரையும் கொடுத்தீர்கள். அடுத்த ஆண்டு புதுக் கட்டடம் திறக்கிறது. இதைவிட அதிகமானவர்களை அங்கே வரவேற்போம் என்று உறுதி கூறுகிறேன்."

"வரவேற்பாம்," என்றாள் தொமி. பின்வரிசைவரை கேட்டது.

பிறகு துக்க வீட்டுக்காரி நன்றி சொல்ல வேண்டும். எங்கள் வழக்கத்தில் அது தவிர்க்க முடியாதது. சொந்தப் பிணத்தை வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். தெஷிமா ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் நீட்டினார்.

"வந்த எல்லாருக்கும் நன்றி," என்றாள் நோபுயோ. "நான் சவரக் கடைக்காரி. பேசிப் பழக்கமில்லை. நான் பார்த்த எலியை நிவாம்மா அன்னைக்கே தூங்க வெச்சாங்களாம். ஒரு சத்தமும் இல்லாமப் போச்சாம். அதுக்கு ரொம்ப நன்றி."

மண்டபம் தலை குனிந்து கேட்டது.

"எங்க வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துப் புள்ளி போட யாரும் வரலை. எனக்கு அந்தப் படமெல்லாம் தெரியாது. ஆனாலும் தெரிஞ்சுது. கடையில நாற்காலிக்கு எதிர்ல கண்ணாடி இருக்கு. அவரும் அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார். 'இந்த ஆளை எனக்குப் பிடிக்கலை நோபுயோ, அந்தப் பக்கம் திருப்பு'ன்னார். கண்ணாடி சுவத்துல பதிச்சது. திருப்ப வராது. ஒரு துண்டைப் போட்டு மூடினேன். அப்புறம் துண்டைப் பார்த்துக்கிட்டே இருந்தார். அவ்வளவுதாங்க. எல்லாரும் பத்திரமா வீட்டுக்குப் போங்க."

கடைசி வரிசையில் நிவா முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தொமி எழுந்து நின்றாள். ஒலிபெருக்கி அவளுக்குத் தேவைப்படவில்லை.

"ஏன் ஐயா, என் தம்பியையும் எலின்னே சேர்த்திருக்கலாமே? மனுஷன்னு எழுதினதாலதானே காத்திருக்க வெச்சீங்க?"

துணை இயக்குநர் இதையும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து ஆழமாகக் குனிந்தார். அவர் குனிந்ததால் துறைத்தலைவர்கள் குனிந்தார்கள். அவர்கள் குனிந்ததால் மண்டபமே குனிந்தது. முனகாதா நிமிர்ந்து, "மிக ஆழ்ந்த யோசனை. அடுத்த குழுக் கூட்டத்தில் வைக்கிறோம்," என்றார்.

சடங்கு முடிந்ததும் அவர் தானே வந்து அவர்களை அழைத்துக்கொண்டு போனார். பிக்குவும் கூடவே வந்தார். தெஷிமாவும் நிவாவும் பின்னால்.

"உங்க பேச்சு எங்களை ரொம்ப அசைச்சிடுச்சு, ஒகிதா-சான். இப்பவே முடிவு பண்ணிட்டோம். ஒகிதா வரிசையை நிறுத்தறோம். இனிமே அவரை எந்த எலிக்குள்ளயும் வைக்கப் போறதில்லை."

நோபுயோ ஓரடி முன்னால் வந்தாள். "அப்போ முடிஞ்சுதுங்களா? கூட்டிட்டுப் போகலாமா?"

"முடியறதா!" முனகாதா பெருமையோடு ஒரு கதவைத் திறந்தார். "இவ்வளவு நல்ல கட்டியை வீணாக்குவோமா? முன்னமே எடுத்து உறைய வெச்சிருக்கோம். நீங்க, நான், யாரும் இல்லாமப் போனப்புறமும் இப்படியே இருப்பார். தேவைப்படறப்போ எழுப்பிக்கலாம்."

அறையில் இடுப்பளவு உயரத்தில் எஃகு உருளைகள் வரிசையாக நின்றன. நிவா ஒன்றின் மூடியைத் தூக்கிக் காட்டினாள். வெண்புகை பொங்கி, விளிம்பு வழியாக வழிந்து தரையில் பரவியது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

"இதுக்குள்ளயா?" என்றாள் தொமி. இதுவரை யாரும் கேட்டிராத சின்னக் குரலில். "அவனுக்குக் குளிர் ஆகாதே."

நோபுயோ தோளிலிருந்த கம்பளிச் சால்வையை எடுத்தாள். உருளையைச் சுற்றிப் போர்த்தினாள். சுற்றளவுக்கு எட்டவில்லை, இரண்டு முனையும் ஒரு சாண் இடைவெளியில் நின்றன.

"வெளிப்பக்கம் குளிராதும்மா," என்றாள் நிவா மெதுவாக. "சுவர் தடிமன். தொட்டா ஒண்ணும் தெரியாது."

நோபுயோ உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். உண்மைதான். ஒன்றும் தெரியவில்லை.

தெஷிமா தொண்டையைச் செருமினார். "வெளிப் பொருள் இங்க வைக்கறதுக்கு..." இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர், சால்வை எந்தப் பிரிவில் வரும் என்று யோசிப்பதுபோல நின்றார். ஒருவரும் அதை எடுக்கவில்லை.

நோபுயோ அவர்கள் எல்லோருக்கும் ஒருமுறை குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தாள். படியிறங்கும்போது பிக்கு பின்னாலேயே ஓடிவந்தார்.

"தலைமை மடத்துக்கு நான் என்னன்னும்மா சொல்லட்டும்? இறந்துட்டார்னும் இவங்க சொல்லலை, இருக்கார்னும் சொல்லலையே?"

"நாளைக்குச் சாடியைக் கல்லறையில வெச்சிடலாம் சாமி."

"மீதி?"

"மீதி இருக்கறவர் வேலைக்காகத் தனியா வெளியூர்ல தங்கியிருக்கார்னு வெச்சுக்கறேன். இந்த ஊர்ல எத்தனை வீட்டுல அப்படி இருக்காங்க?"

தொமி மூக்கைச் சிந்தினாள். "கல்லறைக்குள்ள உன் மாமியார் உட்கார்ந்திருப்பாளே. எப்ப வர்றான்னு கேட்டா என்னடி சொல்லுவே?"

"கேட்டுப் பார்த்தேன் அத்தை, விட மாட்டேங்கறாங்கன்னு சொல்லுவேன்," என்றாள் நோபுயோ.